அல்ட்ராசவுண்ட் தோல் இறுக்கம் யாருக்கு ஒத்துவராது?

சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அம்மாவின் கழுத்துத் தோல் தொங்குகிறது, கத்தி வைக்காமல் அல்ட்ராசவுண்டால் இறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோல் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது பெரிதாகப் பலன் தராது. கருவி 4.5 மில்லிமீட்டர் ஆழம் வரை புள்ளி புள்ளியாகச் சூடேற்றும். அதன்பின் 2, 3 மாதங்களில் உடல்தான் தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாக உண்டாக்க வேண்டும். பல்லாண்டு வெயிலில் பால்மரம் வெட்டியவரின் தோலில் அது மந்தமாகவே நடக்கும். தாடைக்குக் கீழே கிள்ளிப் பாருங்கள். தோல் கொத்தாகக் கையோடு வந்தால் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அந்த இடத்தில் ஆறாத புண், சீழ்பிடித்த கடும் பரு, உலோகப் பொருத்து இருந்தால் கூடவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். தழும்பு தடித்து வளரும் உடல்வாகையும் நீரிழிவையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அம்மாவின் மருந்துப் பையில் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் காட்டிக் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தயவுசெய்து அழகு நிலையத்தில் செய்யவே செய்யாதீர்கள். அழகியல் சிகிச்சை செய்ய மலேசிய சுகாதார அமைச்சு தரும் எல்சிபி (LCP) சான்று பெற்ற மருத்துவரிடமே போங்கள். தாடையோரம் முகநரம்பின் கிளை ஓடுகிறது. சூடு அதில் பட்டால் சில வாரங்களுக்கு வாய் கோணிப்போகலாம்.