சக்கர வண்டிக்கு முன் சிறுநீர்ப்பை

கேள்வி: எங்கள் வீடு காசிமேட்டில், குறுகிய சந்து ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கிறது. நான்கு வயதான எங்கள் நாட்டு நாய் கருப்பன், மூன்று மாதங்களுக்கு முன் மீன் ஏற்றி வந்த மினி லாரியில் அடிபட்டுவிட்டான். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கியிருப்பதாகவும், பின்னங்கால்களுக்கு உணர்வு திரும்புவது அரிது என்றும் சொன்னார். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான். முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே வாசல்வரை வந்துவிடுகிறான். ஆனால் சிறுநீர் எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தொடையில் ஒரு புண்ணும் வந்திருக்கிறது. பிளம்பர் வேலை பார்க்கும் என் தம்பி, பி.வி.சி. குழாயில் சக்கர வண்டி செய்து தருவதாகச் சொல்கிறான். "வாயில்லா ஜீவனை வதைக்காதே, ஊசி போட்டுவிடு" என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, காசிமேடு

கால்நடை மருத்துவர் பதில்: உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். பலரும் இதைப் பார்த்து, சிறுநீர் தானாகப் போய்விடுகிறது என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறானது: தொட்டி நிரம்பி விளிம்பில் வழிவதைப்போல, பை நிரம்பிவழிந்தே சொட்டுகிறது, உள்ளே தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகி, தொற்று சிறுநீரகம்வரை ஏறிவிடுகிறது. பின்னங்கால் செயலிழந்த நாய்கள் நடக்க முடியாததால் இறப்பதில்லை. சிறுநீர்த் தொற்றும், ஆறாத புண்ணும், புண்ணில் வைக்கும் புழுவும்தான் அவற்றைக் கொண்டுபோகின்றன. ஆகவே தம்பியை இரண்டு வாரம் பொறுத்திருக்கச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது, கையால் அழுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறை. நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, ஒருவர் தாங்கிப் பிடிக்க நிற்க வைத்தோ, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னே வயிற்றின் இரு புறமும் உள்ளங்கைகளை வைத்தால், தண்ணீர் ஊற்றிய பலூன் போன்ற ஒன்று கைக்குத் தட்டுப்படும். விரல் நுனிகளால் குத்தாமல், உள்ளங்கையால் சீராக, வால் பக்கம் நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தால் சிறுநீர் பீய்ச்சி வரும். பை சுருங்கி எலுமிச்சை அளவுக்கு வரும்வரை விடக்கூடாது. ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மணி நேர இடைவெளியில் இதைச் செய்ய வேண்டும். படித்து மட்டும் செய்துவிடாதீர்கள். முதல் முறை மருத்துவர் தன் கையை உங்கள் கைமேல் வைத்துக் காட்டித்தர வேண்டும். சில நாய்களுக்குப் பையின் வாய் இறுகியிருக்கும். அப்போது பலம் கொடுத்தால் பை கிழியும் ஆபத்து உண்டு, அதைத் தளர்த்த மருந்து இருக்கிறது. வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உங்களுக்கு அதிக தூரமில்லை. சிறுநீர்ப் பரிசோதனையையும் அன்றே செய்துவிடுங்கள். பின்னாளில் சிறுநீர் கலங்கலாகவோ, வழக்கத்தைவிட நாற்றமாகவோ, சிவப்பாகவோ வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது தொடைப் புண். உணர்வில்லாத இடத்தில் வலி தெரியாது என்பதால்தான் நாய் சிமெண்ட் தரையில் தேய்த்துக்கொண்டே வாசல்வரை வருகிறது. தன் கால்விரலையே கடித்துத் தின்றுவிடும் நாய்களும் உண்டு. பின்பக்க முடியைக் கத்தரித்து, ஒவ்வொரு முறை நனைந்த பிறகும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மீன் ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் ஈத் தொல்லை எவ்வளவு என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புண்ணை மூடியே வையுங்கள், பகலில் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், காலையும் மாலையும் வாலைத் தூக்கிப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கு இடுப்புப் புண்ணுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பை நாய் நக்கினால் உடம்புக்குக் கெடுதல். அதைப் பூச வேண்டாம். வீட்டிலிருக்கும் வலி மாத்திரைகளையும் கொடுக்க வேண்டாம். படுக்கைக்குக் கனமான நுரை மெத்தை போட்டு, அதன்மேல் ரெக்சின் விரித்து, துவைத்துக் காயவைக்கக்கூடிய பழைய போர்வையைப் போடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் இடுப்பெலும்பு மேட்டில் படுக்கைப் புண் வராது. பின்னங்கால் மூட்டுகளை ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக மடக்கி நீட்டிவிட்டால் அவை விறைத்துப்போகாது.

இனி வண்டிக்கு வருகிறேன். பி.வி.சி. குழாயில் செய்வது தவறில்லை, செலவும் குறைவு. ஆனால் அளவு தவறினால் அந்த வண்டியே புதிய புண்ணை உண்டாக்கும். கருப்பனை இருவர் இயல்பான உயரத்தில் தாங்கி நிறுத்த, தரையிலிருந்து கவட்டிவரை உயரம், இடுப்பின் அகலம், தோள்பட்டையிலிருந்து வால் அடிவரை நீளம் ஆகிய மூன்றையும் எடுக்க வேண்டும். வண்டியில் ஏற்றியபின் முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்துவிட்டால் பாரம் முழுவதும் முன்னங்கால்களில் இறங்கும். இனி அந்த இரண்டு கால்கள்தான் அவனுக்கு எல்லாம். மேசைக்குப் போடும் சிறு உருளைகள் உங்கள் சந்தின் குழிகளில் சிக்கிக்கொள்ளும் என்பதால், குழந்தைகள் சைக்கிளில் இருப்பதைப் போன்ற பெரிய ரப்பர் சக்கரங்களாகப் பார்க்கச் சொல்லுங்கள். கடற்காற்றுக்குச் சாதாரண போல்ட் துருப்பிடித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு நல்லது. கவட்டியைத் தாங்கும் பட்டைக்கு நுரை சுற்றுங்கள். ஆண் நாய் என்பதால் அது சிறுநீர் வரும் இடத்தை அழுத்தாமல் பாருங்கள்.

வியாசர்பாடியிலிருந்து என்னிடம் வந்த ஒரு நாயை முதன்முதலாக வண்டியில் பூட்டியபோது, அது பத்து நிமிடம் சிலைபோல நின்றது. அந்த வீட்டுச் சிறுவன் நான்கடி தள்ளி உட்கார்ந்து வறுத்த நெத்திலி ஒன்றை நீட்டிய பிறகுதான் முதல் அடி எடுத்து வைத்தது; அதற்கடுத்த நிமிடம் சுவரில் மோதி, திரும்பி, அவனையே துரத்தியது. அவிழ்த்துப் பார்த்தபோது தொடை இடுக்கில் பட்டை பதிந்து சிவந்திருந்தது. அதனால்தான் முதல் வாரம் ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும் என்கிறேன். வண்டியில் பூட்டிய நாயால் படுக்க முடியாது. ஆளில்லாமல் விடவே கூடாது. மற்ற நேரங்களில் அகலமான துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கி நடத்தலாம்.

உங்கள் மாமியார் கேட்பதும் நியாயமான கேள்விதான். அதற்கு இன்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. வலி, உணவு, நீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் தலா 10 மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேலிருந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம் என்பது கணக்கு. ஞாயிறுதோறும் நீங்களும் மாமியாரும் தனித்தனியாகப் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த எண்கள் வாரந்தோறும் இறங்கிக்கொண்டே போனால், அல்லது நாளுக்கு மூன்று முறை அழுத்திவிட வீட்டில் யாராலும் முடியாது என்ற நிலை வந்தால், கருணைக்கொலையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்லக் கூடாது. நன்றாகச் சாப்பிட்டு, வாசல்வரை தானே வருகிற ஒரு நாய்க்கு இன்று அந்த ஊசியைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். புண் ஆறி, சிறுநீர்ப் பரிசோதனையும் சரியாக இருந்தால், தம்பியை அளவு நாடாவோடு வரச் சொல்லுங்கள்.