விசாவுக்குக் கொடுக்கும் கைரேகையை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும்?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் எழுத வந்தேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், அதோடு விசாப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் உண்டு. வருபவர்களில் பாதிப்பேர், பிள்ளைப்பேறு பார்க்க மகளிடம் போகும் அம்மாமார்.

2019 இல் என் அம்மாவையும் அப்படித்தான் கனடாவுக்கு அக்காவிடம் அனுப்பினேன். விரலடையாளம் கொடுப்பதற்காக இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனோம். அம்மா நாற்பது வருடம் வெங்காயத் தோட்டத்தில் நின்றவர். விரல் நுனிகள் தேய்ந்துபோய் இருந்ததால் கருவி மூன்று தரம் எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து, அழுத்திப் பிடித்து, நாலாம் தரம்தான் சரிவந்தது. வெளியே வந்ததும் கேட்டார்: "தம்பி, இதைக் கொண்டுபோய் என்ன செய்வினம்?" "விசாவுக்குத்தான் அம்மா" என்றேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் 2009 இலேயே விரலடையாளங்களை ஒப்பிட்டுப் பார்க்க உடன்பட்டுவிட்டன. தொடக்கத்தில் ஒரு நாடு இன்னொன்றுக்கு வருடத்துக்குச் சுமார் 3,000 பேருடையதைத்தான் அனுப்பலாம் என்ற அளவு இருந்தது. இன்று கொம்பியூட்டரே கொம்பியூட்டரைக் கேட்டுப் பதில் வாங்கிவிடுகிறது.

இதில் நல்லதே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த ஐந்தில் ஒரு நாட்டில் படிக்கப் போய், விசா நீடிப்பு மறுக்கப்பட்டுத் திரும்பிய தம்பி ஒருவர், வேறொரு நாட்டுக்கு ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தார். "முன்பு மறுக்கப்பட்டதா?" என்ற இடத்தில் ஏஜென்ட் "இல்லை" என்று நிரப்பிவிட்டார். விரல் பொருந்தியது. ஐந்து வருடத் தடை விழுந்த பிறகுதான் என் கடைக்கு வந்தார். பொய் எழுதியது பிழை, அதைப் பிடித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. தயவுசெய்து பழைய மறுப்பை ஒருவரும் மறைக்காதீர்கள். யார் நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது.

என் பயம் வேறு. ஒரு காரணம் சொல்லி வாங்குகிறார்கள், பிறகு இன்னொரு காரணத்துக்குப் பாவிக்கிறார்கள். ஐரோப்பாவின் யூரோடக் தரவுத்தளத்தைப் பாருங்கள். 2003 ஜனவரியில் தொடங்கும்போது அதற்கு ஒரே வேலைதான்: ஒருவரின் அகதி விண்ணப்பத்தை எந்த நாடு விசாரிப்பது என்று கண்டறிவது. பிரான்ஸ், ஜெர்மனி, பின்னாளில் சுவிஸ் என்று போய் இறங்கிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதற்கு விரல் வைத்தார்கள். 2013 இல் சட்டத்தை மாற்றி, 2015 ஜூலையிலிருந்து பாரிய குற்ற விசாரணைகளுக்காகப் பொலிசாரும் அதில் தேடலாம் என்றார்கள். 2024 இல் மறுபடியும் மாற்றினார்கள். இப்போது முகப்படமும் உண்டு, பதிய வேண்டிய வயது 14 இலிருந்து 6 ஆகக் குறைந்தது. அது நடைமுறைக்கு வரச் சட்டம் குறித்த மாதம் 2026 ஜூன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. விரல் கொடுத்தவரிடம் மட்டும் யாரும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

சும்மா உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். 2025 ஒக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் புதிய நுழைவு, வெளியேற்றப் பதிவு தொடங்கியது. விசாவுக்கு நாங்கள் ஏற்கெனவே பத்து விரலும் கொடுத்துவிடுவதால் எல்லையில் முகப்படம் எடுப்பார்கள். அந்தப் பதிவு மூன்று வருடம் இருக்கும், நீங்கள் வெளியேறியது பதியப்படாவிட்டால் ஐந்து வருடம். அமெரிக்காவில் 75 வருடம் வரை வைத்திருக்கலாம். முன்பு அங்கே எல்லையில் படம் எடுப்பதிலிருந்து 14 வயதுக்குக் கீழும் 79 வயதுக்கு மேலும் விலக்கு இருந்தது. 2025 டிசெம்பர் 26 முதல் அதுவும் இல்லை. இரகசிய இலக்கம் களவு போனால் மாற்றலாம், முகத்தை எப்படி மாற்றுவது? 2019 இல் அமெரிக்க எல்லைத் துறையின் துணை ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து பயணிகளின் முகப்படங்கள் களவு போனது நடந்த விஷயம்.

சரி, "ஒளிக்க ஒன்றும் இல்லை" என்பதற்கு வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டியவருக்குத் தலையாட்டி யார் என்று விளக்கத் தேவையில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் படையினரின் சுற்றிவளைப்பு நடக்கும். ஊரையே கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வரிசையாக விடுவார்கள். முகத்தை மூடிய ஒருவர் வாகனத்துக்குள் இருப்பார். ஒவ்வொருவராக அவர் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் தலையை ஆட்டினால் அவ்வளவுதான், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். என் பெரியப்பாவின் மகனுக்கு ஒரு நாள் தலை ஆடியது. வயலும் வீடுமாக இருந்த மனிதர். ஆறு மாதம் கழித்துத்தான் வந்தார். ஒளிக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை. ஏன் ஆட்டினாய் என்று கேட்க ஓர் இடமும் இருக்கவில்லை. எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிய விஷயம்.

ஒரு நாட்டின் இயந்திரம் "பொருந்துகிறது" என்று சொல்லி, இன்னொரு நாட்டு அதிகாரி அதை நம்பினால், ஏன் பொருந்தியது என்று என் அம்மா எந்த யன்னலில் போய்க் கேட்பார்? தேய்ந்த விரல் நாலாம் தரம்தான் பதிந்தது என்பதை யார் அவருக்காகச் சொல்வார்?

கேட்க இடம் இருந்தால் நிலைமை மாறும். 2011 தொடக்கத்தில், போர் முடிந்த பிறகும், இங்கே படையினர் குடும்பம் குடும்பமாகப் படத்துடன் பதிவு செய்தார்கள். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் உச்ச நீதிமன்றம் போனார்கள். நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதியளித்தது. பிரித்தானியாவில் குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்களின் விரலடையாளத்தைக் காலவரையின்றி வைத்திருந்தது பிழை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2008 இல் தீர்ப்புச் சொன்னது. கேட்க இடம் இல்லாதவர்களுக்கு என்ன நடக்கும் என்பதற்கு ரோஹிங்கியா மக்களைப் பாருங்கள். வங்காளதேச முகாம்களில் உதவி அட்டைக்காகக் கொடுத்த விபரங்கள், எந்த நாட்டிலிருந்து தப்பி வந்தார்களோ அந்த மியன்மாருக்கே போய்ச் சேர்ந்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 இல் இதை வெளியிட்டது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

எங்கள் நாட்டையும் விட முடியாது. 2015 முதல் பாஸ்போட்டுக்கு விரலடையாளம் எடுக்கிறார்கள். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகத்தில்) பாஸ்போட் அலுவலகம் திறந்தது பெரிய உதவிதான், வவுனியாவுக்கு அலைந்தவர்களுக்கு அது தெரியும். ஆனால் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்த முக்கிய பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். விரலை எடுக்க இருந்த அவசரம் அதைக் காப்பதில் இருக்கவில்லை.

அப்படியென்றால் கொடுக்காமல் விடலாமா என்று கேட்பீர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க வேண்டுமே, கொடுக்கத்தான் வேண்டும். கடைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது, நிரப்பிய படிவத்தின் பிரதியையும் விரல் கொடுத்த ரசீதையும் எறியாமல் வையுங்கள் என்பதுதான். அப்புறம், கனடாவிடம் 2022 ஜூலை முதல் வெளிநாட்டில் இருந்தபடியே தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்கலாம். ஐரோப்பியத் தரவுத்தளங்களிலும் தன் பதிவைக் கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு. கேட்பவர் குறைவு.

போன மாதம் அம்மாவின் பெயரில் கனடாவுக்கு அந்தக் கோரிக்கையை அனுப்பினேன். விரலடையாளம் வேறு எந்த நாட்டுக்குக் காட்டப்பட்டது என்றும் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சேர்க்கிறேன்.