சர்வதேச வர்த்தகப் புள்ளிவிபர வழிகாட்டல்கள் திருகோணமலைக் கடைத்தெருவுக்குப் பொருந்துமா?

மொத்த, சில்லறை வியாபாரப் புள்ளிவிபரங்களுக்காக ஐக்கிய நாடுகள் தயாரித்த பரிந்துரைகளை வாசித்துவிட்டு ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இதெல்லாம் பெரிய நாட்டு சுப்பர் மார்க்கட்டுகளுக்கு எழுதியது. திருகோணமலையில் மீன் விற்கிற அக்காவுக்கும் மூலைக்கடை ஐயாவுக்கும் எப்படிச் சரிவரும்?"

நான் இங்கே பல கணக்கெடுப்புகளில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கியவன். என்னைக் கேட்டால், அந்த வரைவிலக்கணங்கள் சுப்பர் மார்க்கட்டை விட மீன் விற்கிற அக்காவுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கேள்விகளைக் கேட்கிற ஒழுங்குதான் பொருந்தாது.

முதலில் அடிப்படை. நெல்லை விளைவித்தவர் கமக்காரர், அரிசியாக்கியது ஆலை. கடைக்காரர் எதை உற்பத்தி செய்தார்? பொருளை மாற்றாமல் கைமாற்றி விடுகிற சேவையைத்தான். அந்தச் சேவையின் பெறுமதி விற்பனைத் தொகை இல்லை, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் நிற்கிற வித்தியாசம். கந்தளாய் ஆலையில் இருந்து வந்த ஒரு மூட்டை அரிசி மத்திய வீதி மொத்தக் கடைக்கும், அங்கிருந்து நிலாவெளியில் ஒரு சில்லறைக் கடைக்கும், பிறகு ஒரு வீட்டுக்கும் போகிறது. எல்லா விற்பனையையும் கூட்டினால் ஒரே அரிசியை மூன்று தரம் எண்ணியதாகிவிடும். வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அந்தச் சிக்கல் வராது. கையிருப்புக் கூடினதா குறைந்ததா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூலைக்கடையில் ரீலோட் போடுவதும் இப்படித்தான். ஆயிரம் ரூபாய்க்கு ரீலோட் போனால் கடைக்காரருக்குச் சொந்தம் அதில் கிடைக்கிற கொமிஷன் மட்டும். முழு ஆயிரத்தையும் விற்பனையில் எழுதினால் பிஸ்கட்டும் வாழைப்பழமும் தொங்குகிற பெட்டிக்கடை புடவைக்கடையைத் தாண்டிப் போய்விடும்.

இனி மீனுக்கு வருவோம், எனக்குப் பிடித்த உதாரணம் அதுதான். விடியற்காலை வள்ளம் கரைக்கு வருகிறது. பிடித்தவரே கரையில் நின்று விற்றால், பொருளாதார வேலைகளை இனம் பிரிக்கிற ஐ.நா.வின் சர்வதேச வகைப்பாட்டில் (ISIC) அது வியாபாரமே இல்லை, மீன்பிடி. ஏலம் கூறுகிறவர் மீனுக்குச் சொந்தக்காரர் இல்லை. அவர் கொமிஷனுக்கு வேலை செய்கிற மொத்த வியாபார முகவர், அவர் கணக்கில் கொமிஷன் மட்டும் வரும். ஏலத்தில் எடுத்து ஐஸ் அடித்து லொறியில் கொழும்புக்கு ஏற்றுகிறவர் மொத்த வியாபாரி. ரெஜிபோம் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு உப்புவெளி ஒழுங்கைகளில் ஹோர்ன் அடித்துப் போகிறவர் சில்லறை வியாபாரி, ஆனால் கடையும் இல்லை சந்தையும் இல்லை என்ற பிரிவில் வருவார். சந்தையில் கூறு போட்டு விற்கிற அக்கா, தட்டு மற்றும் சந்தை வழிச் சில்லறைப் பிரிவு. மிஞ்சியதை அவரே உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்கினால் அந்த வேலை உற்பத்திக் கைத்தொழிலுக்குப் போய்விடும். வெங்காயத்தைத் தரம் பிரிப்பது, ஐம்பது கிலோ மூட்டையை ஒரு கிலோப் பைகளாகக் கட்டுவது எல்லாம் வியாபாரத்துக்குள்ளேதான் நிற்கும். மீனைக் கருவாடாக்கினால் பொருளே வேறாகிவிடுகிறது, அதனால்தான் அங்கே கோடு.

அந்த அக்காவிடம் போய் "இந்த மாத மொத்த விற்பனை எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். தராசைத் துடைத்துக்கொண்டு உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். "அதெல்லாம் ஆர் தம்பி எழுதி வைக்கிறது? நேற்று ரெண்டாயிரம் கையில நிண்டது" என்பார். பலர் இதைப் பதில் இல்லை என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் அவர் சொன்னது, பரிந்துரைகள் தேடுகிற எண்ணுக்கு மிகக் கிட்ட. ஐஸ் காசு, ஆட்டோக் காசு, சந்தை வரி எவ்வளவு என்று கேட்டு அந்த ரெண்டாயிரத்தோடு கூட்டுங்கள். வீட்டுக் கறிக்கு எடுத்துப் போன மீனையும் விலை போட்டுச் சேருங்கள். வியாபார வித்தியாசம் வந்துவிடும். அதற்குப் பிறகு, ஏலத்தில் என்ன விலைக்கு எடுத்தார் என்று கேட்டால் விற்பனையும் தானாக வரும். படிவங்கள் விற்பனையில் தொடங்கி, கொள்வனவைக் கழித்து, மிச்சத்துக்கு வருகின்றன. சின்ன வியாபாரியின் மனதில் கணக்கு மிச்சத்தில் இருந்துதான் தொடங்குகிறது. வழிகாட்டலை உள்ளூருக்கு ஏற்ப எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைத் திருப்பிப் போட்டாலே போதும் என்பேன்.

மொத்தமா சில்லறையா என்பதை அளவு தீர்மானிப்பதில்லை, வாங்குகிறவர் தீர்மானிக்கிறார். வீட்டுப் பாவனைக்கு விற்றால் சில்லறை. இன்னொரு கடைக்கோ ஹோட்டலுக்கோ விற்றால் மொத்தம். இரண்டையும் செய்கிற கடையில் எது அதிகப் பெறுமதியைத் தருகிறதோ அதன் கீழ் போடுவார்கள்.

ஆட்களின் எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். இலங்கையின் 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்பில் 1 முதல் 3 பேர் வேலை செய்கிற வியாபார நிலையம் நுண் நிலையம், 4 முதல் 14 வரை சிறியது, 35 பேரும் அதற்கு மேலும் என்றால் பெரியது. முதலாளியும் சம்பளமில்லாமல் நிற்கிற மனைவியும் மகனும் இதில் சேர்த்திதான். "வேலையாள் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள், உள்ளே மூன்று பேர் நிற்பார்கள்.

கடன் கொப்பி அடுத்த பிரச்சினை. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் மீனவக் குடும்பங்கள் கடனுக்குச் சாமான் எடுத்து, கடல் அடங்கிய பிறகு கட்டும். பொருள் கைமாறிய நாளே விற்பனை நாள் என்பது விதி. லாச்சியில் விழுந்த காசை மட்டும் எண்ணினால் டிசம்பரில் ஊரே பட்டினி கிடந்ததுபோலத் தெரியும்.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடுவதிலும் பொறி இருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் புடவைக் கடைகளுக்கு நோன்புப் பெருநாள் முக்கியம். அது ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகரும். சித்திரை வருடப் பிறப்பு நகராது. இதைச் சரிசெய்யாமல் "சென்ற ஆண்டு மே மாதத்தை விட விற்பனை விழுந்தது" என்று எழுதுவதில் அர்த்தமில்லை. விலையேற்றமும் அப்படித்தான். 2022 செப்டெம்பரில் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் ஓராண்டில் 73.7 வீதம் உயர்ந்திருந்தது. அன்று ரூபாய்க் கணக்கில் விற்பனை பாதிக்கு மேல் கூடியிருந்த கடையும் உண்மையில் குறைவான சாமானைத்தான் விற்றிருக்கக்கூடும். அதனால்தான் விற்பனைத் தொகையை விலைச் சுட்டெண்ணால் வகுத்து, கனவளவை, அதாவது எவ்வளவு சாமான் விற்றது என்பதை, தனியாகச் சொல்லச் சொல்கிறார்கள்.

இந்த விதிகளை யாரோ நியூயோர்க்கில் தனியாக இருந்து எழுதிவிடவில்லை. 1974ஆம் ஆண்டுப் பரிந்துரைகள் பழசாகிப் போக, நாடுகளிடம் வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்டு, நிபுணர் குழுக்கள் திருத்தி, 2008இல் ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. ஆனால் வரைவுக்கு நல்ல பதில் எழுத ஆள்பலம் உள்ளது பெரிய புள்ளிவிபர அலுவலகங்களுக்குத்தான். படிவம் விற்பனையில் தொடங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

மீனுக்குச் சொன்ன அந்தச் சர்வதேச வகைப்பாடும் மாறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் இருந்து பேஸ்புக் நேரலையில் சுடிதார் விற்கிற தங்கச்சியைப் அதன் பழைய நான்காம் திருத்தத்தில் இணைய வியாபாரம் என்று தனியாகப் போட வேண்டும். 2023இல் ஏற்கப்பட்ட ஐந்தாம் திருத்தத்தில் விற்கிற வழியைப் பார்ப்பதில்லை, பொருளைத்தான் பார்க்கிறார்கள். அவரும் புடவைக்கடையும் ஒரே இடத்தில் வருவார்கள்.

ஆய்வுக்காகக் களத்துக்கு வருவதென்றால் மீன் சந்தைக்குக் காலையில் போகாதீர்கள், யாரும் கதைக்க மாட்டார்கள். சாமான் முடிந்து தட்டைக் கழுவுகிற நேரம் போங்கள். வரி அலுவலகத்தில் இருந்து வரவில்லை என்பதை முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.