பவளத் தொட்டியைப் போனில் எடுத்தால் ஏன் எல்லாமே நீலமாக வருகிறது?

உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு மேல் நீல எல்இடி முழு அளவில் எரிகிறது, போன் ஆட்டோவில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். போனைக் குறை சொல்லாதீர்கள்.

பல பவளங்களில் ஒளிரும் புரதங்கள் உண்டு. 450 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை வாங்கிக்கொண்டு அதைப் பச்சையாகவோ ஆரஞ்சாகவோ திருப்பி விடும். தொட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் நம் கண் நீலத்துக்குப் பழகிவிடும், பச்சை தனியாகத் தெரியும். கேமராவுக்கு அது வராது. நீலம் நிரம்பி வழியும்போது, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் கைவிரித்துவிடும்.

லென்ஸ் முன்னால் ஆரஞ்சு நிற ஃபில்டர் வையுங்கள். இல்லையென்றால் படம் எடுக்கும் நேரம் மட்டும் நீலத்தைக் குறைத்து வெள்ளை லைட்டைக் கூட்டுங்கள். நான் ஃபில்டர் கட்சி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஒரு டார்ச் பவளம் உண்டு. அலை பம்ப்பை நிறுத்தினால் ஆடிக்கொண்டிருந்த கைகள் மெல்ல அடங்கி விரியும். பழுப்புக் கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சையாக ஒரு குமிழ், நடுவில் மெல்லிய பிளவாக வாய். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்து, அறை விளக்கை அணைத்து, கேமராவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்து எடுத்தேன். சாய்த்துப் பிடித்தால் கண்ணாடியும் தண்ணீரும் ஒளியை வளைத்துப் படத்தைக் கலங்கடித்துவிடும். அதை ஒரு குழுவில் போட்டதும் வந்த முதல் கமெண்ட்: "ஃபோட்டோஷாப்பா?"

ஃபில்டர் போடுவதே ஏமாற்று என்று இங்கேயும் யாராவது வருவார்கள். ஐயா, ஃபில்டர் நிறத்தைச் சேர்ப்பதில்லை, மேலே விழுந்து திரும்பும் நீலத்தைத்தான் தடுக்கிறது. பச்சை அந்தப் பவளமே விடுவது. நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனை நான் தொடவே இல்லை. தொடுகிறவர்கள் வேறு ஆட்கள்: வெறும் நீல லைட்டில் எடுத்து, ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்து, அபூர்வ ஊதா என்று விற்பார்கள். வீட்டில் வெள்ளை லைட்டில் வைத்தால் பழுப்பு. பழுப்பில் தப்பில்லை, அது உள்ளே குடியிருந்து பவளத்துக்குச் சோறு போடும் பாசியின் நிறம். அதை மறைத்து விற்பதுதான் எரிச்சல். எல்லா விற்பனையாளரையும் சொல்லவில்லை. வெள்ளை லைட்டில் ஒரு படம், நீலத்தில் ஒரு படம் என இரண்டும் போடுகிறவரிடம் தாராளமாக வாங்கலாம்.

ஃபில்டர் போட்டும் நீலம் போகவில்லையென்றால் ரா ஃபார்மேட்டில் (போன் தானாகத் திருத்தாத மூலப் பதிவு) எடுத்து ஒயிட் பேலன்ஸைப் பிறகு கையால் மாற்றுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒவ்வொருவரும் கேட்பது, "மீன் எங்கே?" பவளமும் உயிருள்ள விலங்குதான், சாப்பிடும், பக்கத்தில் இருப்பதைத் தேள் மாதிரி கொட்டும் என்று விளக்கினால் தலையாட்டிவிட்டு, "சரி, மீன் எப்போது விடுவீர்கள்?" என்கிறார்கள். கண்ணாடியில் கைரேகை வேறு.