தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துப் பொறியியலில் சேர்ந்தால், எந்தத் திறனை முதலில் வளர்க்க வேண்டும்?

ஆங்கிலம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால், குறிப்பெடுப்பது. பள்ளியில் கேள்வி-பதிலை ஆசிரியரே எழுதிப் போடுவார். கல்லூரியில் அதை எதிர்பார்க்க முடியாது. புரிந்ததைத் தமிழிலேயே எழுதுங்கள், கலைச்சொல் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அன்று இரவே நோட்டை மூடிவிட்டு, நினைவிலிருந்து ஒருமுறை எழுதிப் பாருங்கள். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கும் என்பதைத் தன்னையே சோதித்து 1885-லேயே எழுதிவிட்டார் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ். முதல் நாளில்தான் இழப்பு அதிகம். (மனப்பாடம் செய்தே பிளஸ் டூ தாண்டிய நமக்கு இது கொஞ்சம் கசக்கும்.)

சரி, ஆங்கிலம்? பாடநூலில் தினம் ஒரு பக்கம் வாய்விட்டு வாசியுங்கள், பழகிவிடும். அப்புறம் கணக்கு. பலருக்கு முதல் அரியர் அதில்தான் விழுகிறது. தேர்வு வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.