அந்த நாய்க்கு என்ன வேலை தெரியும்?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் சேவை நாய்கள் பற்றியும், வளர்ப்பு நாயைச் சேவை நாய் என்று சொல்லிக் கடைக்குள் கூட்டி வருவது பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

எங்கள் உணவகத்துக்கு அடிக்கடி யாராவது நாயோடு வந்து ‘சர்வீஸ் டாக்’ என்கிறார்கள். சென்ற வாரம் ஒருவர் நாயை நாற்காலியில் உட்காரவைத்து, தன் தட்டிலிருந்து இட்லியை ஊட்டினார். கார்டு காட்டச் சொன்னதற்கு, வழக்குப் போடுவேன் என்றார். நாங்கள் என்ன செய்ய முடியும்?
— உணவக உரிமையாளர், எடிசன், நியூஜெர்சி

கார்டு கேட்டதுதான் தவறு. நாற்காலியிலிருந்து நாயை இறக்கச் சொல்லியிருந்தால் சட்டம் உங்கள் பக்கம் நின்றிருக்கும்.

ஏ.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990இல் வந்தது. இப்போது நடப்பில் இருக்கும் விதிகள் 2011 மார்ச் 15 முதல் அமலில் உள்ளன. அதன்படி சேவை விலங்கு என்றால் நாய் மட்டும்தான். குட்டை இனக் குதிரைக்குத் தனி விதி உண்டு. அந்த நாய், உடற்குறையோ மனநலக் குறையோ உள்ள ஒருவருக்காக ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அதன் தேவை கண்ணுக்குத் தெரியாதபோது நீங்கள் இரண்டே கேள்விகள் கேட்கலாம். ஒன்று: உடற்குறையோ மனநலக் குறையோ காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? இரண்டு: என்ன வேலை செய்ய இதற்குப் பழக்கியிருக்கிறீர்கள்? அவ்வளவுதான். என்ன நோய் என்று கேட்கக் கூடாது, சான்றிதழ் கேட்கக் கூடாது, “எங்கே, செய்துகாட்டச் சொல்லுங்கள்” என்றும் கேட்கக் கூடாது.

இரண்டாம் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். “பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும்” என்பது வேலை அல்ல. “சர்க்கரை இறங்கும்போது முழங்காலில் மூக்கால் முட்டும்” என்பது வேலை. “பதற்றம் ஏறும்போது கண்டுகொண்டு என் மடிமேல் படுத்து அழுத்தும்” என்பதும் வேலைதான். மனநலம் சம்பந்தப்பட்டது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. நாய் கூட இருப்பது ஆறுதல். பழக்கியபடி ஒன்றைச் செய்வது வேலை. இந்த வித்தியாசம் ஒன்றுதான் அளவுகோல்.

பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்து பொய் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். உள்ளே விடத்தான் வேண்டும். ஆனால் நாய் நடந்துகொள்ளும் விதத்துக்கு மனப்பாடம் உதவாது. பலர் அறியாத உரிமை இங்கேதான் இருக்கிறது. நாய் அடங்காமல் நடந்து, உரிமையாளர் அதை அடக்கவும் இல்லை என்றாலோ, உள்ளே மலஜலம் கழித்தாலோ, உண்மையான சேவை நாயே ஆனாலும் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். நாற்காலியில் உட்காரவைக்கவும் மேசையில் ஊட்டவும் நீங்கள் இடம் தர வேண்டியதில்லை. ஒரு தடவை குரைத்ததற்காக வெளியேற்றுவது நியாயமாகாது. முதலில், “நாயைக் கொஞ்சம் அடக்குங்கள்” என்று சொல்லி நேரம் கொடுங்கள். அப்புறமும் பக்கத்து மேசைக்காரர்மேல் தாவினால், நாயை அனுப்புங்கள், ஆளை அனுப்பாதீர்கள். “நாயை விட்டுவிட்டு வந்து சாப்பிடுங்கள், இல்லையென்றால் பார்சல் கட்டித் தருகிறோம்” என்று சொல்ல வேண்டியது உங்கள் கடமை.

அந்த இரண்டு கேள்விகளையும் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் ஒரே ஆள் மட்டும் இதைப் பேசட்டும். பிரச்சினை வந்த அன்றே தேதி, நேரம், நாய் செய்த காரியம் மூன்றையும் குறித்துவையுங்கள். “போலி நாய் என்று தோன்றியது” என்று எழுதினால் அது உங்களுக்கே வினையாகும். “2ஆம் மேசையில் இருந்த குழந்தையின் கையிலிருந்து தோசையைப் பிடுங்கியது, இரண்டு முறை சொல்லியும் உரிமையாளர் இழுத்துப் பிடிக்கவில்லை” என்பதே பயன்படும் குறிப்பு.

என் தோழி சில பத்து டாலர் கட்டி இணையத்தில் ‘சர்வீஸ் டாக்’ அடையாள அட்டையும் சிவப்பு வெஸ்ட்டும் வாங்கியிருக்கிறாள். பதிவு எண்கூட இருக்கிறது. எங்கள் லாப்ரடாரும் ரொம்பச் சாது. நாங்களும் வாங்கலாமா?
— வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

வேண்டாம். சேவை நாய்களுக்கென்று மத்திய அரசின் பதிவேடு எதுவும் கிடையாது. அந்த எண், விற்றவர் தன் கணினியில் போட்டுக்கொண்ட வரிசை எண். வெஸ்ட் அணிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அணிவித்தாலும் அதனால் எந்த உரிமையும் வராது. உங்கள் மாநிலத்தில் 2023 செப்டம்பர் 1 முதல் இந்தப் பொய்க்கு 1000 டாலர் வரை அபராதமும் 30 மணி நேரச் சமூகப் பணியும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஆறு மாதம் வரை சிறையோ 1000 டாலர் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஃப்ளோரிடாவிலும் இது குற்றம்தான்.

தண்டனையை விட்டுத்தள்ளுங்கள். இதில் அடிபடுவது யார் என்று பாருங்கள். பார்வையற்றவர் தம் வழிகாட்டி நாயின் சேணத்தில் பொருத்திய விறைப்பான கைப்பிடியை இடக்கையில் பிடித்திருக்கிறார். நாய் தோளைச் சாய்ப்பதும், வேகம் குறைப்பதும், படிக்கட்டின் முன் நிற்பதும் அந்தக் கைப்பிடி வழியாகத்தான் அவருக்குத் தெரியும். பல்பொருள் அங்காடியின் ஒரு சந்தில் அவர் நடந்து வரும்போது, எதிரே ஒரு தள்ளுவண்டிக்குள்ளிருந்து வெஸ்ட் போட்ட நாய் ஒன்று குரைத்துக்கொண்டு எம்புகிறது. வழிகாட்டி நாய் தலையைத் திருப்பும் அந்த இரண்டு நொடி அவர் கண் தெரியாமல் நிற்கிறார். அலமாரியின் முனை அவர் தோளில் இடிக்கும். கடித்துவிட்டாலோ நிலைமை இன்னும் மோசம். ஒரு தாக்குதலுக்குப் பிறகு மற்ற நாய்களைக் கண்டாலே மிரண்டு, வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட வழிகாட்டி நாய்கள் உண்டு. குட்டியாக ஒரு குடும்பத்தில் வளர்ந்து, ஒரு வயது தாண்டியபின் பயிற்சிக்கூடம் போய், ஏறக்குறைய இரண்டு வயதில் வேலைக்கு வந்த நாய் அது. இன்னொன்று கிடைக்கும்வரை அவர் கையில் வெள்ளைக் கோல் மட்டும்தான்.

இதற்கு மேலும் ஒரு கேடு. போலிகளால் எரிச்சலடைந்த கடைக்காரர், அடுத்து வரும் உண்மையானவரை வாசலிலேயே மடக்குகிறார்.

உண்மையானதைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகர், சார்லட், வட கரோலினா

அடையாளங்கள் உண்டு, ஆனால் அவை சான்று ஆகா. பழக்கிய நாயின் கயிறு தொய்வாகத் தொங்கும். மேசைக்கு அடியில் போய் வாலையும் காலையும் சுருட்டிப் படுக்கும். கீழே விழுந்த சிப்ஸைப் பார்த்தும் பாராதிருக்கும். அலமாரியை மோந்துகொண்டும், எதிரே வருபவரிடம் வாலாட்டிக்கொண்டும் போகாது. இழுத்தால் நீளும் சுருள் கயிற்றில் முன்னால் ஓடும் நாய் வேலையில் இருப்பதாகத் தோன்றாது.

ஆனால் இனத்தையும் அளவையும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பைக்குள் அடங்கும் சிவாவா, சர்க்கரை இறங்குவதை எச்சரிப்பதாக இருக்கலாம். வாட்டசாட்டமாக நிற்கும் இளைஞர் வலிப்பு நோயாளியாகவோ, போரிலிருந்து திரும்பியவராகவோ இருக்கலாம். சந்தேகம் கடைக்காரருக்கு இருந்தால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சக வாடிக்கையாளருக்கு அந்த வேலை இல்லை.

அபார்ட்மெண்டில் நாய் வைத்துக்கொள்ள மருத்துவரிடம் ‘எமோஷனல் சப்போர்ட்’ கடிதம் வாங்கினோம். அதே கடிதத்தைக் காட்டிக் கடைகளுக்கும் கூட்டிப் போகலாமா?
— வாசகி, சான் ஹோசே, கலிஃபோர்னியா

கூடாது. அந்தக் கடிதம் வீட்டு வாடகையோடு முடிந்தது. வீட்டு வசதிக்கான சட்டம் தனி. அதில் ஆறுதல் தரும் விலங்குக்கும் இடம் உண்டு. தகுந்த கடிதம் இருந்தால் ‘பெட் ரெண்ட்’ என்னும் நாய்க்கான கூடுதல் வாடகை வாங்கக் கூடாது. கடைக்கும் உணவகத்துக்கும் பொருந்துவது ஏ.டி.ஏ.; ஆறுதல் விலங்கு அதில் வராது. கலிஃபோர்னியாவில் 2022 ஜனவரி 1 முதல் இன்னொரு விதியும் உண்டு: நாய்க்காக இப்படிக் கடிதம் தருபவர் குறைந்தது 30 நாள் உங்களுக்குச் சிகிச்சை தந்தவராக இருக்க வேண்டும். ‘பத்து நிமிடத்தில் கடிதம்’ என்னும் விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

அம்மா அப்பா சென்னையிலிருந்து நிரந்தரமாக இங்கே வருகிறார்கள். அவர்களின் நாயைச் சேவை நாய் என்று எழுதிக்கொடுத்தால் விமானத்தில் கூடவே கொண்டுவரலாம் என்கிறார் ஒரு நண்பர்.
— வாசகர், கொலம்பஸ், ஒஹையோ

நண்பர் சொல்வது பழைய கதை. நியூவர்க் விமான நிலையத்துக்கு ஒரு பெண் 2018 ஜனவரியில் மயிலோடு வந்து, ஆறுதல் விலங்கு என்று ஏற்றச் சொன்ன செய்தி உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்த மாதிரி குழப்பங்களுக்குப் பிறகு, 2021 ஜனவரி 11 முதல் விதி இறுகிவிட்டது. ஆறுதல் விலங்கை ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு இல்லை. சேவை நாய் என்றால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் படிவத்தில் நாயின் உடல்நலம், பழக்கம், பயிற்சி பற்றி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதை 48 மணி நேரம் முன்பே தரும்படி நிறுவனம் கேட்கலாம். 8 மணி நேரமோ அதற்கு மேலோ பறக்கும் பயணம் என்றால், வழியில் அசுத்தம் செய்யாது என்று இன்னொரு படிவமும் கேட்கலாம். நாய் உங்கள் காலடி இடத்துக்குள் அடங்க வேண்டும். படிவத்தில் பொய் எழுதினால் அது மத்திய அரசிடம் சொன்ன பொய்; வயதான பெற்றோரை அதில் மாட்டிவிடாதீர்கள்.

நீங்கள் உடனே கவனிக்க வேண்டியது வேறு. வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் உள்ள விதிப்படி, இந்தியாவில் தடுப்பூசி போட்ட நாய்க்கு ஆறு மாத வயது நிறைந்திருக்க வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். சிப்பை முதலில் பொருத்திவிட்டு அப்புறம் ஊசி போடுங்கள். வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது. முதல் ஊசி போட்டு 30 நாளாவது கழித்து, பயணத்துக்கு 28 நாளாவது முன்னால் ரத்தம் எடுத்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முடிவு இல்லாமல் வந்தால் 28 நாள் தனிமைப்படுத்தல், செலவு உங்களுடையது. இறங்கும் விமான நிலையமும் பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு நிலையம் உள்ளதாக இருக்க வேண்டும். அங்கே முன்பதிவும் வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் இதை முடியுங்கள்.

எங்கள் 11 வயது மகனுக்கு முதல் வகை நீரிழிவு. பயிற்சி நிறுவனங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம். நாமே ஒரு நாயைப் பழக்கலாமா?
— பெற்றோர், ராலே, வட கரோலினா

சட்டம் தடுக்கவில்லை, யார் பழக்கினார் என்று அது கேட்பதில்லை. உழைப்பு மட்டும் குறையாது. சேவை நாய் வைத்திருப்பவர்களிடையே நெடுநாளாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு, ஆறு மாதத்துக்குக் குறையாத காலத்தில் 120 மணி நேரப் பயிற்சி. அதில் 30 மணி நேரமாவது பொது இடங்களில்.

முதலில் குணம் பாருங்கள். பாத்திரம் விழும் சத்தத்துக்குத் திடுக்கிட்டாலும் சில நொடிகளில் சமாளித்துக்கொண்டு அதை மோந்துபார்க்க வரும் குட்டி நல்லது. மூலையில் போய் ஒடுங்குவது இதற்கு ஆகாது. உட்கார், படு, விடு, வா என்ற நான்கும் வீட்டில் உறுதியான பிறகு பூங்கா, அப்புறம் நாய்களை அனுமதிக்கும் கடைகள் என்று ஏறுங்கள். பயிற்சியில் இருக்கும் நாய்க்கு ஏ.டி.ஏ.வில் இடமில்லை, உங்கள் மாநிலச் சட்டம் என்ன தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை இறங்குவதை நாய் வாசனையால் கண்டுகொள்ளப் பழக்க வேண்டும். இந்த வாசனைப் பயிற்சிக்கு, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிய நேரத்தில், முதலில் மகனுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டு, உடனே சுத்தமான பஞ்சால் அவன் எச்சிலை ஒற்றிக் காற்றுப்புகாத சிறு டப்பாவில் போட்டு, தேதியும் அளவும் எழுதி உறையவையுங்கள். கையுறை போட்டே தொடுங்கள். சர்க்கரை சரியாக இருக்கும்போதும் அதே பஞ்சில், அதே மாதிரி டப்பாவில், அதே ஃப்ரீசரில் மாதிரி வையுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் நாய் பழகுவது டப்பாவின் வாசனையையும் ஃப்ரீசரின் குளிரையும்தான். மகன் மயங்கும்போது சும்மா இருக்கும். மூன்று டப்பாக்களில் சரியானதைத் தொடர்ந்து காட்ட ஆரம்பித்ததும், முழங்காலில் மூக்கால் முட்டினால்தான் தின்பண்டம் என்று மாற்றுங்கள். பிறகு மாதிரியை மகன் சட்டைப்பையில் ஒளித்துவைத்தும், கடைசியில் உண்மையான இறக்கத்திலும் பழக்குங்கள். மீட்டரில் பார்க்காமல் ஒருபோதும் வெகுமதி தராதீர்கள். தந்தால் தின்பண்டத்துக்காக முட்டக் கற்றுக்கொள்ளும்.

துல்லியம் நாய்க்கு நாய் பெரிதும் மாறுகிறது. மகன் உடலில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சார் இருந்தால், அதைக் கழற்றிவிட்டு நாயை நம்பாதீர்கள்.

ஓட்டலில் சேவை நாய்க்குச் சுத்தம் செய்யும் கட்டணம் வாங்கலாமா?
— வரவேற்பு ஊழியர், டாம்பா, ஃப்ளோரிடா

வாங்கக் கூடாது. மெத்தையைக் கிழித்தால், மற்ற விருந்தினரிடம் சேதத்துக்கு வாங்குவதுபோல வாங்கலாம். நாயை அறையில் தனியே விட்டுவிட்டு வெளியே போகவும் அவருக்கு அனுமதியில்லை.

எங்கள் கோவிலுக்குப் பார்வையற்ற பக்தர் ஒருவர் நாயோடு வர விரும்புகிறார். கமிட்டியில் இரு கருத்து.
— வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

மத நிறுவனங்களுக்கு ஏ.டி.ஏ.வின் பொது இடங்கள் பற்றிய பகுதியிலிருந்து விலக்கு உண்டு. அதனால் அந்தச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது, முடிவு கமிட்டியுடையது. எங்கள் கருத்து, அனுமதியுங்கள் என்பதே. பைரவரின் வாகனத்தைக் கல்லில் வடித்துக் கும்பிடுகிறோம். கருவறைக்கு முன்னால் வேண்டாம் என்றால் மண்டபம்வரை நாயோடு வரட்டும். அதற்கு அப்பால் ஒரு தன்னார்வலர் தம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுக்கட்டும், நாயோடு இன்னொருவர் இருக்கட்டும். இதை அவரிடம் முன்கூட்டியே கேட்டு முடிவு செய்யுங்கள். நாயைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு வேறொரு வழி ஒதுக்கினால் போதும்.

வழிகாட்டி நாயை எதிரே கண்டால் எங்கள் பிள்ளைகள் ஓடிப்போய்த் தடவுகிறார்கள். தப்பா?
— வாசகி, நேப்பர்வில், இலினாய்

தப்புத்தான். சேணம் மாட்டியிருக்கும்வரை தடவாதீர்கள், கூப்பிடாதீர்கள், எதுவும் கொடுக்காதீர்கள். பேச வேண்டுமானால் மனிதரிடம் பேசுங்கள். உங்கள் நாயும் கூட இருந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, உங்கள் உடலுக்கு மறுபக்கம் நடத்துங்கள். “உங்களுக்கு வலப்பக்கம் ஒரு நாய் இருக்கிறது, பிடித்திருக்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் வழி தவறி நிற்பதுபோல் தெரிந்தாலும் கையையோ சேணத்தையோ பிடித்து இழுக்காதீர்கள். “உதவி வேண்டுமா?” என்று கேட்டு, அவர் பதில் சொல்லும்வரை நில்லுங்கள்.