மனிதர் அன்றாடம் செய்வதைக் கணக்காலும் தரவாலும் சொல்லிவிட முடியுமா?

கேள்வி கேட்டவர் இப்போதுதான் உயர்தரம் எழுதிவிட்டு, அடுத்து எதைப் படிப்பது என்று வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ‘மனிதர் எண்கள் இல்லையே, ஆட்கள் எதை வாங்குவார்கள், எப்போது எங்கே போவார்கள் என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியுமா, தரவு விஞ்ஞானம் படிப்பதில் பிரயோசனம் இருக்கிறதா’ என்பதுதானே கேள்வி. ஏற்கெனவே வந்த பதில்களில் பாதி, மனித மனம் எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது என்கிறது. மற்றப் பாதி, உங்களைப் பற்றி அம்மாவைவிட ஃபோனுக்குக் கூடுதலாகத் தெரியும் என்கிறது. இரண்டு பகுதியும் ஒரு நாளாவது கடைக் கல்லாவில் இருந்து பார்த்திருக்கலாம்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கடையில் கொள்முதல் பார்க்கிறேன். போர்ட்டில் சூப்பர் மார்க்கெட் என்று இருக்கிறது, ஆட்கள் கடை என்றுதான் சொல்வார்கள். பட்டம் எதுவும் இல்லை, உயர்தரத்தில் கணிதப் பிரிவு. அந்தக் கதை வேறு, வயிற்றெரிச்சல், பிறகு வருகிறேன்.

முதலில் பால்மா. 2021 கடைசியில் தொடங்கி 2022 நடுப்பகுதி வரை கொழும்பில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டொலர் இல்லை, அதனால் இறக்குமதி இல்லை, அதனால் பால்மா இல்லை. அதற்கு முன்பே எங்கள் முதலாளி, மருமகனின் பேச்சைக் கேட்டு, ஓடர் சொல்லும் மென்பொருள் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். கடந்த சில கிழமை விற்பனையைப் பார்த்து, வரும் கிழமைக்கு எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அது சொல்லும். பால்மா வராத சில கிழமைகளுக்குப் பிறகு அது சொன்னது: பால்மா ஓடாத சாமான், எடுக்க வேண்டாம். அதைச் சொன்ன நேரத்தில் கடை வாசலில், கதவு திறக்கும் முன்பே, ‘பால்மா வந்ததோ’ என்று கேட்க ஆட்கள் நின்றார்கள். தட்டில் இல்லாத சாமான் விற்காது. விற்காத சாமானை யாருக்கும் வேண்டாம் என்று அது வாசித்துக்கொண்டது.

இதையாவது யாரும் பிடித்துவிடலாம். அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. இடையிடையே சில பெட்டி பால்மா வந்தபோது, வேறு சாமானும் சேர்த்து எடுத்தால்தான் ஒரு பக்கெட் கொடுப்பது என்று கடையில் ஒரு ஏற்பாடு. சரியான வேலை இல்லை, அந்த நாளில் அப்படிச் செய்த கடைகள் பல, நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆட்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சோயா மீட்டும் கிரீம் கிராக்கரும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு மருமகன் ஒரு நாள் மடிக்கணினியைத் திறந்து வைத்து, ‘பால்மா வாங்குகிற ஆட்களுக்குச் சோயா மீட்டில் நல்ல விருப்பம் இருக்கு, இரண்டையும் பக்கத்தில பக்கத்தில வைப்பம்’ என்றார். வரைபடம் வண்ண வண்ணமாக இருந்தது. ‘தம்பி, அது அவையின்ரை விருப்பம் இல்லை, உங்கடை மாமாவின்ரை விருப்பம்’ என்று சொன்னேன். கஷியர் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் என்னோடு அவ்வளவாகக் கதைப்பதில்லை.

சரி, அப்படியென்றால் உண்மையான தேவையை எப்படி அறிவது? பில்களில் நேரம் இருக்கிறது. பால்மா வந்த நாளில் முதல் பக்கெட் எத்தனை மணிக்கு, கடைசிப் பக்கெட் எத்தனை மணிக்குப் போனது என்று பார்த்து, நிமிடத்துக்கு இத்தனை என்று வேகம் எடுக்கலாம். நாள் கணக்கைவிட அது நல்லது என்று தோன்றும். ஆனால் வரிசை நிற்கும் கடையில் அந்த வேகம் ஆட்களின் தேவையைச் சொல்லாது, கஷியரின் கை வேகத்தைச் சொல்லும். இருபது பேர் நின்றாலும் இருநூறு பேர் நின்றாலும் ஒரு பில்லுக்கு எடுக்கும் நேரம் ஒன்றுதான்.

அதனால் கல்லாவில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்தேன். ‘இல்லை’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. கோடுகள் நிறைந்த பிறகு இன்னொன்று தெரிந்தது: பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் ஒரே அன்ரி காலையிலும் மத்தியானமும் பின்னேரமும் வந்து கேட்கிறார், மூன்று கோடு. பிறகு கோட்டுக்குப் பக்கத்தில் ஆளை அடையாளம் காண ஓர் எழுத்தும் போடச் சொன்னேன். மொத்தம் சுருங்கியது, ஆனால் அதுதான் பாவிக்கக்கூடிய எண். இது என் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை. கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த ஏர்லாங் என்ற டென்மார்க்காரர் 1909இல் அழைப்புகள் எப்படி வந்து சேர்கின்றன என்று எழுதத் தொடங்கி, 1917இல், எல்லா இணைப்பும் நிறைந்திருந்தால் எத்தனை வீதம் அழைப்பு கிடைக்காமல் போகும் என்பதற்குச் சூத்திரமே கொடுத்தார். பேசி முடித்த அழைப்பை எண்ண பில் போதும். கிடைக்காமல் போன அழைப்பையும் கணக்கில் எடுத்ததுதான் அவருடைய கெட்டித்தனம்.

பால்மா இல்லாத அதே வருடத்தில் இன்னொரு சங்கதி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். எங்கள் கடையில் பில் எண்ணிக்கை அப்போது கூடியது. முதலாளிக்குச் சந்தோசம், ஆட்கள் கூடியிருக்கிறார்கள் என்று. ஆட்கள் கூடவில்லை. மாதச் சாமான் என்று ஒரேயடியாக எடுத்தவர்கள் இரண்டு நாளுக்கு ஒரு தரம் வரத் தொடங்கினார்கள். சீனி 250 கிராம், பருப்பு 100 கிராம், தேங்காய் எண்ணெய்க்கு வீட்டிலிருந்து போத்தல். ஒரு குடும்பத்தின் ஒரு பில் பல துண்டாக உடைந்தால் கொம்பியூட்டருக்கு அது வளர்ச்சி. முகத்தைப் பார்க்கிற எங்களுக்கு அது வேறு.

அடுத்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம் என்று செய்தி வந்தது. ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பேப்பரோடு வந்து, ‘குறைஞ்சதாமே பிள்ளை, பருப்பு ஏன் குறையேல்லை?’ என்றார். பில் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன்: முதல் 100 ரூபாய் சாமான், ஒரு வருடத்தில் சுமார் 170 ரூபாய், அதற்கு மேல் 1.3 வீதம் என்றால் 172. கூடுகிற வேகம்தான் குறைந்தது, விலை இறங்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘அப்ப கூடினது எண்டு போடலாமே’ என்றார். பத்திரிகைக்காரர் அவரைக் கேட்டுத் தலைப்புப் போட்டிருக்கலாம்.

இதையெல்லாம் வைத்து நான் கணக்குக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். ஆட்கள் புலம்புவதில் உண்மை இருக்கிறதென்று கணக்குத்தான் சில நேரம் காட்டிக்கொடுக்கும். காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் ‘நான் வந்தால் மட்டும் பஸ் வராது’ என்பார்கள். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று வைப்போம். ஆனால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு வருவதால் இடைவெளி 2 நிமிடம், 18 நிமிடம், மறுபடி 2, 18 என்று போகிறது. சராசரி பத்துத்தான், ஆகவே ஐந்து நிமிடம் நின்றால் போதும் என்று தோன்றும். ஆனால் நீங்கள் தரிப்பிடத்துக்கு வரும் நேரம் அந்த 18 நிமிட இடைவெளிக்குள் விழ பத்துக்கு ஒன்பது வாய்ப்பு. அதற்குள் விழுந்தால் சராசரி 9 நிமிடம், மற்றதற்குள் விழுந்தால் 1 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 8.2 நிமிடம். எல்லோருக்கும் அப்படித்தான், யாருடைய சாதகத்திலும் பிழை இல்லை. பஸ் எண்ணிக்கையைக் கூட்டாமலே, ஓடுகிற பஸ்ஸை ஒழுங்காக விட்டாலே அது ஐந்தாகும். இதைச் செய்ய வேண்டியவர்களுக்கு யார் சொல்வது.

ஆனால் அளக்கப்படுகிறோம் என்று ஆட்களுக்குத் தெரிந்துவிட்டால் கதை மாறிவிடும். கடையில் பொயின்ற்ஸ் அட்டை தொடங்கினோம், ஃபோன் இலக்கம் சொன்னால் பொயின்ற்ஸ் ஏறும். கொஞ்ச நாளில் எங்கள் ‘மிகச் சிறந்த வாடிக்கையாளர்’ ஒருவர் தோன்றினார்: காலையில் குழந்தை நப்கின், பத்து மணிக்கு நாய்ச் சாப்பாடு, மத்தியானம் கருவாடு, பின்னேரம் மறுபடி நப்கின். அட்டை இல்லாத ஆட்களின் பில்லுக்கு யாரோ தன் இலக்கத்தை அடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை, அந்தச் சம்பளத்துக்கு நானும் அதைத்தான் செய்திருப்பேன். குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975இல் இதைப் போல ஒன்றை நாணயக் கொள்கை பற்றிச் சொன்னார்: ஓர் எண்ணைப் பிடித்து ஆட்டத் தொடங்கினால் அது முன்பு போல ஒழுங்காக நடக்காது.

இங்கேதான் என் வயிற்றெரிச்சல். 2001 தொடக்கம் கம்பஸ் அனுமதி இசட் புள்ளியில். பாடப் புள்ளியில் அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) பிரித்து, மூன்று பாடத்துக்கும் சராசரி. கணிதமாக அதில் குறை இல்லை, கஷ்டமான பாடத்தையும் இலேசான பாடத்தையும் ஒப்பிட வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. பிறகு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆய்வுகூடமே பார்க்காத பிள்ளைக்கு ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொன்னதாகக் கீழே யாரும் எழுத வேண்டாம். என் கோபம் வேறு. சனிக்கிழமை இணைந்த கணித வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்து, என் கொப்பியைப் பார்த்து எழுதிய பிள்ளைக்குக் கடுதாசியில் வேறு மாவட்டம். அப்பா அங்கே ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தார், பாடசாலை இடாப்பில் பெயர் அங்கே, ஆள் இங்கே. என் புள்ளி அவளுடையதைவிடக் கூட. கொழும்பு வெட்டுப்புள்ளிக்கு அது காணாது, அவளுடைய மாவட்டத்துக்கு அவளுடையது காணும். எஞ்சினியரிங் போனாள். தரப்படுத்தல் என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1970களுக்குப் போய்விடுவார்கள், தமிழில் எழுதிய பிள்ளைகளுக்குக் கம்பஸ் வெட்டுப்புள்ளியைக் கூட்டிய காலம், அது மொழியோடு சேர்ந்த பெரிய காயம், அதோடு என்னுடையதை நான் ஒப்பிடவில்லை. ஆனால் வசதி குறைந்த பிள்ளைக்கென்று போட்ட கோட்டை வசதி உள்ள தகப்பன் தாண்டினான் என்பது எந்தத் தரவுத் தாளிலும் வராது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்கிறீர்களா, இருக்கட்டும்.

கடைக்கே வருகிறேன். புரட்டாதிச் சனிக்கு எள்ளும் நல்லெண்ணெயும் எப்படிப் போகும் என்று எங்கள் பக்கத்துக் கோயிலடியில் நின்றால் தெரியும். கடந்த சில கிழமையைப் பார்த்து ஓடர் சொல்லும் மென்பொருளுக்குப் புரட்டாதி பாதி போன பிறகுதான் அது விளங்கும், ஐப்பசி பிறந்த பிறகு எள்ளு மூட்டை வந்து இறங்கும். போன வருடம் அதே மாதத்தைப் பார்க்கலாமே என்றால், தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31. ஒக்டோபரை ஒக்டோபரோடு ஒப்பிட்டால் உளுந்து விற்பனையில் ‘புரட்சி’ நடந்த மாதிரி இருக்கும். சந்திரனைப் பார்த்து நடக்கிற ஆட்களைச் சூரியக் கலண்டரில் அளக்கிற வேலை. போயாவும் (பௌர்ணமி விடுமுறை) அப்படித்தான், ஒவ்வொரு மாதமும் வேறு கிழமையில் வந்து நின்று கிழமைச் சராசரியைக் குழப்பும்.

எனக்குப் பிடித்த எண் ஆகஸ்டில் வருவது. கனடா, லண்டன் ஆட்கள் திரும்பிப் போக முதல் நாள் வறுத்த மிளகாய்த்தூள் வாங்க வருவார்கள். அவர்களுக்கு எவ்வளவு தூள் வேண்டும் என்பது வேண்டியதைப் பொறுத்தது இல்லை, பெட்டியில் மிச்சமிருக்கும் எடையைப் பொறுத்தது. ‘இன்னும் மூண்டு கிலோ இருக்கு, என்ன போடலாம்?’ என்று கேட்டு, எங்கள் தராசில் தூளை வைத்து, ஒடியலை எடுத்து, மறுபடி தூளை வைத்து, கடைசியில் இடைவெளியை நிரப்ப ஒரு 200 கிராம் எள்ளுப்பா. அதனால் ஆகஸ்டில் சின்னப் பக்கெட்டுகள் கூடுதலாகக் கட்டச் சொல்வேன். எந்த மென்பொருளும் சொல்லித் தரவில்லை, ஆனால் இதுவும் கணக்குத்தான்.

ஆகவே படியுங்கள். வீண் வேலை இல்லை. விடுமுறையில் ஒரு கடையிலோ கிளினிக்கிலோ நின்று, எண் எங்கேயிருந்து பிறக்கிறது என்று பார்த்துவிட்டுப் படித்தால் இன்னும் நல்லது.

‘அக்கா, விற்காமல் போன தேவையை மதிப்பிட முறைகள் இருக்கின்றன, பண்டிகை நாளைத் தனியாக ஏற்றலாம்’ என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். எங்கள் மென்பொருளில் அது இல்லை, அது இருக்கிற பதிப்புக்கு இன்னும் காசு கேட்கிறார்கள். முதலாளியிடம் கேட்டேன். சி.ஆர். கொப்பியைக் காட்டி, ‘உது காணாதே?’ என்கிறார்.